உரக்க வாசிக்கச் சொன்ன நாள்

விருத்தாசலத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் நான் நூலகர். எனக்குத் திக்குவாய். இந்த இரண்டையும் சேர்த்துத் தெரிந்தவர் வெகுகாலம் என் மனைவி ஒருத்திதான்.

வார்த்தைக்கு வார்த்தை இடறுகிறவன் அல்ல நான். எனக்கு எமன் 'ப' என்ற ஒரே எழுத்து. அதில் தொடங்கும் சொல் தூரத்தில் தெரியும்போதே வேறு சொல்லுக்குத் தாவிவிடுவேன். பஸ் என்று வரவேண்டிய இடத்தில் வண்டி. பள்ளிக்கூடம் என்பதற்கு ஸ்கூல். புத்தகத்தை நூல் நூல் என்றே சொல்லி வந்ததில், எனக்குத் தனித்தமிழ்ப் பற்று அதிகம் என்று ஆசிரியர் அறையில் பேச்சாகிவிட்டது. பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் 'நூல் சார்' என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று இருந்தேன். உண்மை தெரிவதற்கு அது எவ்வளவோ மேல்.

ஒரு நாள் தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினார்.

"லைப்ரரி பீரியட்ல பிள்ளைங்க சும்மா குந்திக்கிட்டு இருக்குதுன்னு பெத்தவங்க சொல்றாங்க சார். நூலகருங்களுக்கு ரெண்டு நாள் ட்ரெய்னிங் போட்டிருக்காங்க. போயிட்டு வாங்க. வந்து வாசிப்பு வகுப்பு எடுத்தீங்கன்னா பீரியடு இருக்கட்டும். இல்லன்னா கணக்கு சாருக்குக் குடுத்துடறேன்."

சரிங்க என்றேன். வேறென்ன சொல்வது?

பயிற்சி, பீங்கான் பட்டறைகள் நிறைந்த செராமிக் எஸ்டேட்டைத் தாண்டியிருந்த ஒரு பள்ளியில் நடந்தது. பெண்ணாடம், ஸ்ரீமுஷ்ணம், சேத்தியாத்தோப்பு என்று சுற்றுப்பட்டிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். பயிற்சி கொடுத்தவர் கடலூரிலிருந்து வந்த ஓர் அம்மையார். கொஞ்சம் கரகரத்த குரல், ஆனாலும் மைக்கைத் தொடவில்லை. பீரோவைப் பூட்டி வைத்தால் பிள்ளை எப்படிப் படிக்கும் என்று கேட்டார். சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் தட்டில் எதை வைப்பது, படிக்கத் தயங்குகிற பிள்ளையிடம் முதலில் எதைக் கொடுப்பது என்று அவர் சொல்லச் சொல்ல நான் ஆர்வமாகக் குறித்துக்கொண்டே இருந்தேன். இந்த வேலையில் எனக்குத் தெரியாதது இவ்வளவு இருக்கிறதா என்று இருந்தது.

சாயங்காலம் கலையும் நேரத்தில் அவர் சொன்னார்: "நாளைக்கு ஒவ்வொருத்தரும் இந்த ஸ்கூல் ஏழாம் வகுப்புக்கு ஒரு கதை வாசிச்சுக் காட்டணும். அதே கதை பிள்ளைங்க கையிலயும் இருக்கும். ஒரு வார்த்தையும் மாத்தாதீங்க. கண்ணு பாக்குறதும் காது கேக்குறதும் ஒண்ணா இருந்தாத்தான் பிள்ளை எழுத்தப் புடிக்கும்."

ஒரு வார்த்தையும் மாத்தாதீங்க. நான் தப்பிக்கிற ஒரே வழி அதுதான்.

எனக்கு வந்து சேர்ந்த கதை, சந்தை நாளில் பஸ்ஸில் ஏறிவிட்ட ஒரு பூனையைப் பற்றியது. சின்னப் புத்தகம்தான். பக்கத்துக்குப் பக்கம் பூனை.

வீட்டில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வாசித்துப் பார்த்தேன். தனியாக இருந்தால் எனக்கு ஒன்றும் திக்காது. பூனை ஏறியது, இறங்கியது, எல்லாம் வந்தது. மனைவி கதவைத் திறந்து நின்றதும் சொல் உதட்டிலேயே ஒட்டிக்கொண்டது.

"ஏங்க, அந்த மேடத்துகிட்ட சொல்லிட்டா என்ன?" என்றாள்.

"என்னன்னு சொல்றது?"

"இருக்கறதச் சொல்லுங்க. கால் ஒடிஞ்சவரு ஓட முடியலன்னு சொன்னா யாரு என்ன சொல்லப் போறாங்க?"

நான் புத்தகத்தைப் பைக்குள் வைத்தேன்.

மறுநாள் காலை, பள்ளித் தாழ்வாரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பயிற்சியாளரிடம் போனேன். "மேடம், எனக்கு ஒரு..." பிரச்சினை என்று சொல்ல வேண்டும். அதுவும் 'ப'. சொல்லை மாற்றி, "ஒரு சிக்கல்" என்றேன்.

"லீவு மட்டும் கேக்காதீங்க சார்" என்றார் சிரித்துக்கொண்டே. "வந்தவங்க எல்லாரும் வாசிக்கணும், யாரையும் வுடறதா இல்ல." அதற்குள் யாரோ கூப்பிட, டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு முன்னால் வாசித்தவர் சேத்தியாத்தோப்பு நூலகர். அவர் கதையைக் கேட்டுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் வேர்வையைத் துடைத்தபடி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பயமா சார்? தங்கமான பிள்ளைங்க, போங்க" என்றார். தலையை ஆட்டிவிட்டு எழுந்தேன்.

பிள்ளைகள் கையில் இருவருக்கு ஒரு புத்தகம். பின்சுவர் ஓரமாக மற்ற நூலகர்கள், மடியில் மதிப்பெண் தாளுடன். நான் புத்தகத்தைப் பிரித்தேன்.

"சந்தைக்கூட்டம் சேரும் நேரம். ஓர் ஆட்டுக்காரரின் கூடைக்குள்ளிருந்து ஒரு..."

உதடுகள் மூடிக்கொண்டன. உள்ளே மூச்சு முட்டிக்கொண்டு நிற்கிறது, வெளியே சத்தம் இல்லை. தாடை இறுகி, கழுத்து ஒருபக்கம் இழுத்தது. முதலில் பிள்ளைகள் அதை நடிப்பு என்று நினைத்து ஆவலாகப் பார்த்தார்கள். பிறகு ஒருவன் சிரித்தான். கடைசி வரிசையில் யாரோ 'ப்ப்ப்' என்றான். சிரிப்பு வகுப்பு முழுக்கப் பரவியது. பின்சுவரில் ஒருவரும் நிமிரவில்லை. எல்லாத் தலைகளும் தாளில் குனிந்திருந்தன. பயிற்சியாளர் எழுந்து என்னை நோக்கி வந்தார்.

அவர் வந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டால் எல்லாம் முடிந்துவிடும். என் வேலையும் முடிந்துவிடும் என்று அந்த நொடியில் தோன்றியது. கையை நீட்டி, வேண்டாம் என்று காட்டினேன். அவர் நின்றுவிட்டார்.

"எனக்குத் திக்கும்" என்றேன் பிள்ளைகளிடம். "இந்த எழுத்து எனக்கு வராது. நீங்க சொன்னா வரும்னு நினைக்கிறேன். எல்லாரும் சேந்து வாசிப்போமா?"

அதை நான் முன்கூட்டி யோசித்து வைத்திருக்கவில்லை. அது பலிக்குமா என்றும் தெரியாது. வகுப்பு அமைதியானது. முன்வரிசையில் இருந்த ஒரு பெண், "பூனை சார்" என்று மெதுவாகச் சொன்னாள், எனக்குச் சொல் மறந்துவிட்டது என்பதுபோல.

"ஒரு பூனை எட்டிப் பார்த்தது" என்று வகுப்பு வாசித்தது. அந்தக் குரல்களுக்கு நடுவே என் குரலும் போனது. பூனை என்றேன். பஸ் என்றேன். ஒரு தடங்கலும் இல்லை. வழிந்து கண்ணில் இறங்கிய வேர்வையைத் துடைக்கவும் பயந்தேன், நிறுத்தினால் மறுபடி பிடித்துக்கொள்ளுமோ என்று.

பாதிக் கதையில்தான் அவளைக் கவனித்தேன். ஜன்னலோரம் இருந்த ஒரு மாணவி. மற்றவர்களின் உதடு அசைந்தபின் அவள் உதடு அசைந்தது. பக்கம் திருப்பும்போது பக்கத்துப் பிள்ளையின் கையைப் பார்த்துத் திருப்பினாள். அவள் வாசிக்கவில்லை, வாசிப்பதுபோல் இருந்தாள். அவள் முகத்தில் இருந்த ஜாக்கிரதை எனக்குப் புதிதல்ல.

மதியம் ஒவ்வொருவரைப் பற்றியும் எல்லோர் முன்னிலையிலும் பேசினார் பயிற்சியாளர். என் முறை வந்தது.

"சார், நீங்க துணிஞ்சு நின்னீங்க, சந்தோஷம். ஆனா இது நான் கேட்ட வாசிப்பு இல்ல. சேந்து கத்துறப்ப தெரியாத பிள்ளை அதுல மறைஞ்சு போயிடும்."

"மறைஞ்சுச்சுங்க" என்றேன். "ஒரு மாணவி. நான் கவனிச்சேன்."

"நானும் பாத்தேன். பாத்துட்டு என்ன செஞ்சீங்க?"

ஒன்றும் செய்யவில்லை. என் வாயைக் காப்பாற்றிக்கொண்டு கடைசிப் பக்கம்வரை போய்ச் சேர்ந்தேன், அவ்வளவுதான். அப்படியே சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. என்னை அனுதாபமாகப் பார்க்கவும் இல்லை. அது எனக்குப் பெரிய ஆறுதல்.

"சேந்து வாசிக்கறதுலதான் ஆரம்பிக்கணும், தப்பில்ல. அதோட வுட்டுடக் கூடாது. அப்புறம் அந்தப் பிள்ளையோட தனியா உக்காந்து, ரெண்டு பேரு மட்டும் சேந்து படிங்க. அதோட குரல் எழும்ப எழும்ப நீங்க உங்க குரலக் கொறச்சிக்கிட்டே வாங்க. பேரச் சொல்லி எழுப்பி நிறுத்தாதீங்க. இந்தப் பொண்ணப் பத்தி இங்க தமிழ் டீச்சருகிட்ட நான் பேசறேன். உங்க ஸ்கூல்லயும் இருப்பாங்க, பாருங்க."

பள்ளிக்குத் திரும்பியதும் தலைமையாசிரியரிடம், எனக்குத் திக்கும் என்று சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"இத்தினி வருஷமா எனக்குத் தெரியலியே சார்." பிறகு, "வகுப்பு எடுக்க முடியுமா, முடியாதா? அதச் சொல்லுங்க."

"முடியும்."

"காலாண்டு வரைக்கும் பாப்போம்."

முதல் வகுப்பு எட்டாம் வகுப்புக்கு. அவர்களிடமும் சொன்னேன். சொன்னதால் மட்டும் திக்கு போய்விடவில்லை. சேர்ந்து வாசிக்கும்போது வரும். பாடத்துக்கு நடுவில் நானாக ஏதாவது கேட்டால் மாட்டிக்கொள்ளும். சிலர் தாழ்வாரத்தில் என்னைப்போல் பேசிக் காட்டினார்கள். நூல் சார் என்று சிரித்ததைவிட அது வலித்தது.

பயிற்சியாளர் சொன்னது சரி, எங்கள் பள்ளியிலும் எட்டாம் வகுப்பில் அப்படி ஒருத்தி இருந்தாள். லைப்ரரி பீரியட் வந்தாலே, "கண்ணாடிய வூட்லயே வச்சிட்டேன் சார்" என்பாள். அவளுடைய அம்மா செராமிக் பட்டறையில் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவர். ஒருநாள் பள்ளிக்கு வந்திருந்தவரிடம் கேட்டேன். "கண்ணாடியா? அவ கண்ணாடியே போட்டதில்லீங்களே" என்றார்.

மதிய இடைவேளையில் அவளை என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். இரண்டாம் நாளே எழுந்துவிட்டாள்.

"எனக்குப் படிக்கத் தெரியும் சார். எல்லாரும் ஜன்னல் வழியா பாக்குறாங்க. ஏன் சார் என் மானத்த வாங்குறீங்க?"

அவள் சொன்னது நியாயம். வெளிப்பார்வை படாதபடி பீரோவைத் திருப்பி, அதற்குப் பின்னால் இரண்டு ஸ்டூல் போட்டேன். அவள் வரவில்லை. கூப்பிடப் போகக்கூடாது என்று என்னைக் கட்டுப்படுத்திக்கொண்டு தினமும் அங்கே உட்கார்ந்திருந்தேன். காலாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு மதியம் சாப்பாட்டு டப்பாவோடு வந்து மறு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

இரண்டு பேரும் சேர்ந்து வாசித்தோம். முதலில் அவள் குரல் என்னுடையதற்குப் பின்னாலேயே வந்தது. நாள் போகப் போக நான் குரலைத் தாழ்த்தினேன். ஒருமுறை முழுதும் நிறுத்தியே விட்டேன். அவள் அரைப் பக்கம் போனபின் நின்று, "நீங்க ஏன் சார் நிறுத்திட்டீங்க?" என்று முறைத்தாள். மறுபடி சேர்ந்துகொண்டேன்.

காலாண்டு முடிந்து தலைமையாசிரியர் ஒரு வகுப்பை வந்து பார்த்தார். மணி அடித்ததும் எழுந்து போனார். அடுத்த வாரக் கால அட்டவணையில் எட்டாம் வகுப்புக்குச் செவ்வாய்க்கிழமை வாசிப்பு என்று இருந்தது. அந்தப் பெண் இப்போது ஒன்பதாம் வகுப்பு. தடுமாறித்தான் வாசிக்கிறாள், ஆனால் வாசிக்கிறாள். பீரோவுக்குப் பின்னால் வேறு இருவர் வருகிறார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் இன்னமும் எனக்கு இட்லி இறங்குவதில்லை. "அரை இட்லியாவது தின்னுட்டுப் போங்க" என்று மனைவி வாசல்வரை தட்டோடு வருவாள்.