ராகு காலமும் ஒரு மணி நேரப் பாஸும்

முதலாளியின் மாப்பிள்ளையை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. பனியன் தைக்கிற ஊரில், பனியன் கம்பெனி வீட்டில் பெண் எடுத்துவிட்டு, பெங்களூரில் ஏதோ கடையில் வாங்கிய பனியனைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். கழுத்தைப் பார்த்தேன். தையல் கோணல். இவன்தான் எங்கள் கம்பெனியை நவீனமாக்கப் போகிறானாம்.

கம்பெனி நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் இருக்கிறது. அங்கே கம்ப்யூட்டர் டிபார்ட்மெண்ட் என்றால் நான் ஒருத்திதான். வெட்டிய துணிக்கட்டு எந்தத் தையல் லைனுக்குப் போனது, எந்தப் பெட்டியில் எந்த சைஸ் போக வேண்டும், பெட்டிமேல் என்ன ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், எல்லாம் நான் எழுதிய புரோகிராமில்தான் ஓடியது. வெள்ளகோவிலிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். வீட்டுக்காரருக்கு முதுகில் ஆபரேஷன் ஆன பிறகு எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது இந்த ஒரு வேலையால்தான்.

மாப்பிள்ளை கொண்டுவந்தது ஒரு கோடிங் அசிஸ்டெண்ட். என்ன வேண்டும் என்று சொன்னால் புரோகிராமை அதுவே எழுதும். அது லேப்டாப்பில் உட்கார்ந்திருந்தாலும் அதன் மூளை அங்கே இல்லை. எங்கோ தூரத்தில், வாடகைக்கு விடுகிற பெரிய கம்ப்யூட்டர்களில் இருக்கிறது. அதைத்தான் கிளவுட் என்கிறார்கள். இரண்டையும் இணைத்தால்தான் வேலை நடக்கும்.

"இனி புரோகிராம் எழுத ஆளே வேண்டாமுங்க மாமா" என்று என்னை வைத்துக்கொண்டே சொன்னான்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "அப்ப உங்களுக்கும் சிரமம் கொறையுமுங்க அம்மணி."

எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. கழுத்தில் கத்தி வைத்தாலும் 'ங்க' போட்டுத்தான் வைப்பார்கள். அந்த அசிஸ்டெண்ட் ஓடினால் எனக்கு வேலை போய்விடும் என்பது அப்போதே விளங்கிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை இணைப்பதாக ஏற்பாடு. கிளவுட்டுக்குள் நுழைய ஒரு பாஸ் வேண்டும். டோக்கன் என்பார்கள். நீளமாக எழுத்தும் எண்ணுமாக இருக்கும். எடுத்ததிலிருந்து ஒரு மணி நேரம்தான் செல்லும். எங்கள் தையல்காரப் பெண்கள் டீ குடிக்க வெளியே போக வாங்குகிற கேட் பாஸ் மாதிரிதான். நேரம் தாண்டினால் வாட்ச்மேன் விடமாட்டார். மாப்பிள்ளை அந்தப் பாஸை எடுத்து லேப்டாப்பில் ஒட்டினான். பட்டனைத் தட்ட விரலைத் தூக்கினான்.

"இருங்க மாப்ள, இருங்க!" என்று முதலாளி பதறினார். "மணி பத்தரை ஆயிருச்சு. ராகு காலம். பன்னெண்டுக்கு மேல அமுக்கலாமுங்க."

பெங்களூரில் படித்த மேதை என்ன செய்ய வேண்டும்? பாஸ் அதுவரை தாங்காது மாமா என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? "அதுவும் சரிதானுங்க மாமா" என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டுபோய் முருகன் படத்துக்குக் கீழே வைத்தான். மூடிமேல் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, ஒரு முழம் மல்லிகையும் சுற்றினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. எதற்குத் திறக்க வேண்டும்?

பன்னிரண்டு தாண்டியதும் சூடம் காட்டி, மாப்பிள்ளை பட்டனைத் தட்டினான். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. திரும்பத் தட்டினான். மறுபடியும் சிவப்பு. பாஸ் காலாவதி என்று அதில் ஆங்கிலத்தில் பட்டவர்த்தனமாக எழுதியிருந்தது. படித்தால்தானே! இன்டர்நெட் போய்விட்டது என்றான். மோடத்தை அணைத்துப் போட்டான். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒயரைப் பிடுங்கிச் சொருகச் சொன்னான். குங்குமம் கீபோர்டுக்குள் போயிருக்குமோ என்று லேப்டாப்பைக் கவிழ்த்துத் தட்டியும் பார்த்தான். கர்மம்.

முதலாளி முகம் வாடிவிட்டது. "சகுனமே சரியில்லீங்க மாப்ள. முருகன் உத்தரவு குடுக்கல. இது நமக்கு ஆகாது, உட்டுருங்க. அம்மணி எப்பவும்போல பாத்துக்கட்டும்."

என் வேலை தப்பியது. எழுந்து சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டியதுதான். ஆனால் அந்தத் தறுதலை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா?

"அசிஸ்டெண்ட்ல ஒரு தப்பும் இல்லீங்க மாமா. அக்கா எழுதி வச்சிருக்கற புரோகிராம் பூராவுமே குப்பை. அதான் இது ஒட்ட மாட்டேங்குது."

எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்றது. குப்பையா? இத்தனை வருஷம் இந்தக் கம்பெனி மூச்சு விட்டது அந்தக் குப்பையால்தானடா!

"கொஞ்சம் நவுருங்க" என்றேன். அவன் நகர்ந்தான். மல்லிகையைப் பிய்த்துத் தரையில் போட்டேன். புதுப் பாஸ் எடுத்தேன், ஒட்டினேன், தட்டினேன். உடனே அசிஸ்டெண்ட் பேசியது. என் புரோகிராமை முழுதாகப் படிக்கச் சொன்னேன். பாக்கி இருந்த புது ஸ்டிக்கர் வேலையைக் கொடுத்தேன். நான் டீயை ஆற்றிக் குடித்து முடிப்பதற்குள் எழுதித் தந்துவிட்டது. எங்காவது ஒரு தப்பு இருக்காதா என்று வரி வரியாகத் தேடினேன். ஒன்றுமில்லை. நானே எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். அந்த எரிச்சலை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

"நாஞ் சொன்னனுங்களா மாமா!" என்று மாப்பிள்ளை துள்ளினான். எல்லோரும் அவனுக்குக் கை தட்டினார்கள். எனக்குக் கற்கண்டு கொடுத்தார்கள்.

அடுத்து வந்த நாட்களில் பாஸ் தீரத் தீர நானே எடுத்துப் போட்டேன். எப்படி என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மாதக் கடைசியில் முதலாளி கூப்பிட்டார். "அவ்ளோ தூரத்துலருந்து பஸ்ல அலையறீங்க அம்மணி. இனி ஊட்டுல இருந்து ரெஸ்ட் எடுங்க." கையில் ஒரு பெட்டி பனியனும் கொடுத்தார். ஆர்டர் கொடுத்த பையர் கழித்துப்போட்ட பீஸ்கள். இன்னொரு தடவை மாப்பிள்ளை அப்படிச் சொன்னாலும் அதையேதான் செய்வேன். குப்பை என்று கேட்டுக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியாது.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வீட்டில் இருந்தேன். போன் அடித்தது. கம்பெனி நம்பர். கட்டிலில் படுத்திருந்த வீட்டுக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏனுங்க்கா, மறுபடியும் செவப்பா வருதுங்க" என்றான் மாப்பிள்ளை. "லோடு ஏத்த லாரி வந்து நிக்குது. ஸ்டிக்கர் மாத்தோணும். என்னங்க்கா பண்றது?"

எத்தனை நக்கலை ஒரு தொண்டையில் ஏற்ற முடியுமோ அத்தனையும் ஏற்றிச் சொன்னேன். "இன்னைக்கு வெள்ளிக்கெழமைங்க. ராகு காலம் போயிட்டிருக்குது. பன்னெண்டுக்கு மேல அமுக்கிப் பாருங்க."

"அட ஆமாங்க்கா! மறந்தே போச்சு பாருங்க. ரொம்ப தேங்க்ஸுங்க்கா" என்று போனை வைத்துவிட்டான்.

போன் கையிலேயே இருந்தது. வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். "கம்பெனியிலருந்துதான? மறுபடி வேலைக்கு வரச் சொல்றாங்களா?"

"இல்லீங்க. நல்ல நேரம் கேட்டாங்க" என்றேன்.