கடைமடையில் நடந்த கூட்டம்

அமோனியா வாசனை யாருக்காவது நினைவிருக்கிறதா? வரைபடங்களை நகலெடுக்கும் அறையிலிருந்து வருமே... கண்ணைக் கரிக்கும், மூக்கில் ஏறும். தஞ்சாவூர் பொதுப்பணித்துறை அலுவலகத்தில் என் மேஜை அந்த அறைக்கு அடுத்து. எழுபதுகளின் நடுப்பகுதி. டிசைன் பிரிவில் நான் ஒருத்திதான் பெண் இன்ஜினியர்.

கையெழுத்து அழகாக இருக்கிறது என்று சொல்லி, இன்ஜினியர்கள் சங்கத்தின் தஞ்சாவூர்க் கிளைக்கு என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். ஆன பிறகுதான் தெரிந்தது, கிளையே ஆட்டம் கண்டுகொண்டிருக்கிறது என்று. ஒவ்வொருவராக உறுப்பினர் சந்தாவைப் புதுப்பிக்காமல் நின்றுபோனார்கள். இன்னும் சிலர் போனால் திருச்சிக் கிளையோடு சேர்த்துவிடுவோம் என்று தலைமையிலிருந்து கடிதம் வேறு.

நின்றுபோனவர்கள் எல்லோருக்கும் எழுதினேன். அதே அழகான கையெழுத்தில்தான். ஒருவரும் பதில் போடவில்லை.

சரி, நேரிலேயே போய்க் கேட்போம் என்று ஒரு சனிக்கிழமை கீழ்வேளூருக்கு பஸ் ஏறினேன். அந்தப் பக்கத்துக் கடைமடை மதகுகளெல்லாம் கோவிந்தராசு என்ற இன்ஜினியரின் பொறுப்பில் இருந்தன. பண்ணையில் கூலி வேலை பார்த்த குடும்பம். அவர் தெருவிலிருந்து வந்த முதல் இன்ஜினியர். ஒரே ஒரு வருஷம் உறுப்பினராக இருந்துவிட்டு நின்றுவிட்டார்.

குறுவை அறுப்புக் கூலித் தகராறு சூடாக இருந்த சமயம். வழியில் செங்கொடி ஊர்வலம். பஸ் அங்கேயே நின்றுவிட, மிச்ச தூரத்தை நடந்தேன்.

கோவிந்தராசு மதகின் மேல் நின்றிருந்தார். ஒரு கரையில் நிலக்காரர்கள். எதிர்க்கரையில் குத்தகைக்காரர்களும் கூலி ஆட்களும். இரண்டு தரப்புக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. அளவுகோலில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்து அவர் உரக்கச் சொன்னார்.

"ரெண்டேகால் அடி! ரெண்டு கரைக்கும் கேட்டுச்சா?"

இரண்டு பக்கமும் தலையாட்டினார்கள். ஒருவர் காதில் மட்டும் சொன்னால் அடுத்தவருக்குச் சந்தேகம் வந்துவிடும் என்பதால் எப்போதும் அப்படித்தான் சொல்வாராம்.

கூட்டம் கலைந்ததும் கேட்டேன். "ஏன் சார் சங்கத்துக்கு வர்றதில்ல?"

அவர் என்னையே திருப்பிக் கேட்டார்.

"மெட்ராஸ்லேர்ந்து ஒரு புரொபசர் வந்து பேசுனாரே, ஞாபகம் இருக்கா மேடம்? மதகுல போற தண்ணி அளவு, அதான் டிஸ்சார்ஜ், அதக் கணக்குப் போடற பார்முலா பத்தி. கீழ்ப்பக்கம் கடல் தண்ணி ஏறி நின்னா இந்தக் கணக்கு சரியா வருமான்னு கேட்டேன். தமிழ்ல கேட்டேன். ஹாலே சிரிச்சுது."

எனக்கு நன்றாகவே நினைவிருந்தது.

"நானும் சிரிச்சேன் சார்."

"தெரியும் மேடம். ரெண்டாவது வரிசை. முந்தானையால வாயப் பொத்திக்கிட்டீங்க."

அலுவலகத்தில் கோப்புகளெல்லாம் தமிழுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. சங்கக் கூட்டத்தில் மட்டும் தமிழில் வாயைத் திறந்தால் சிரிப்பு. அன்றைக்குக் கேள்வி எனக்குப் புரியக்கூட இல்லை. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்... அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்க நாக்கு எழவில்லை. வாயில் வந்தது வேறொன்று.

"அந்தக் கேள்விக்கு என்ன சார் பதில்?"

அப்போதுதான் என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"வராது மேடம். ரெண்டு வருஷமா அளந்து எழுதி வச்சிருக்கேன்."

"அத வந்து நம்ம கூட்டத்துல பேசுங்களேன். தமிழ்லயே பேசுங்க."

"தஞ்சாவூருக்கு வரமாட்டேங்க. அவங்கள இங்க வரச் சொல்லுங்க."

திரும்பி வந்து கிளைத் தலைவரிடம் சொன்னேன். ரிட்டயரான பெரிய இன்ஜினியர், கண்டிப்பானவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"டெக்னிக்கல் பேப்பர் தமிழ்லயா? டிஸ்சார்ஜுக்கு அவர் என்னம்மா சொல்லுவார்?"

"டிஸ்சார்ஜ்னுதான் சார் சொல்லுவார்."

சிரித்துவிட்டார். வருகிறேன் என்றும் சொன்னார்.

இரண்டு ஜீப்பில் அடைத்துக்கொண்டு போனோம். சுற்றுவட்டாரத்து சூப்பர்வைசர்கள் சைக்கிளில் வந்திருந்தார்கள். மேடை இல்லை, மைக் இல்லை. கடல் ஏறும் நேரம் பார்த்துத்தான் எங்களை வரச் சொல்லியிருக்கிறார் கோவிந்தராசு. கண்ணெதிரே மதகுக்குக் கீழ்ப்பக்கம் தண்ணீர் மெல்ல மெல்ல உயர்ந்தது. ஷட்டர் அதே திறப்பில்தான் இருந்தது, போகிற வேகம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. நோட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு, பார்முலா எங்கே தப்புகிறது, எவ்வளவு தப்புகிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்.

தலைவர் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து குறிப்பு எடுத்தார். முடிந்ததும் எழுந்து நின்றார்.

"நீங்க இத அன்னிக்கே கேட்டீங்கல்ல? நாங்கதான் கேக்கல."

கோவிந்தராசு நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அதுவரை எந்தக் கூட்டத்திலும் வாயே திறக்காத சூப்பர்வைசர்கள் சரமாரியாகக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். டீ ஆறிப்போனது.

ஜீப் பானெட்டின் மேல் வைத்தே உறுப்பினர் படிவத்தை நிரப்பினார் கோவிந்தராசு. பரிந்துரை செய்பவர் என்ற இடம் வந்தது. பக்கத்திலேயே தலைவர் நின்றிருந்தார். கோவிந்தராசு பேனாவை என்னிடம் நீட்டினார்.

"நீங்க போடுங்க மேடம்."

என் கையெழுத்து அன்றைக்கு அவ்வளவு அழகாக வரவில்லை.

அதன் பிறகு மாதம் ஓர் இடம். ஒரு மாதம் பாலம் கட்டுகிற இடத்தில், ஒரு மாதம் ரைஸ்மில்லில், பூம்புகார்க் கடற்கரையில்கூட ஒரு முறை. நின்றுபோனவர்கள் திரும்பி வந்தார்கள். வந்தவர்கள் நிலைத்து நின்றார்கள். திருச்சியோடு சேர்க்கிற பேச்சை யாரும் மறுபடி எடுக்கவில்லை.

இப்போது எல்லாம் ஆன்லைன். போனில் நாலு தட்டு தட்டினால் உறுப்பினர். எனக்கே ரினியூவல் மெயில் தானாக வருகிறது, "டியர் மெம்பர்" என்று. வசதிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் யார் ஏன் நின்றுபோனார் என்று அந்த மெயிலுக்குத் தெரியாது, பாவம்.

போன வாரம் இப்போதைய கிளைச் செயலாளர் போன் செய்தார்.

"மேடம், மூணு ரிமைண்டர் அனுப்பிட்டோம். நிறைய பேர் ரினியூ பண்ணவே இல்ல. என்ன பண்றதுன்னே தெரியல."

"பேர் லிஸ்ட் அனுப்புங்க தம்பி. நான் போய்ப் பாத்துட்டு வர்றேன்."

"நீங்களா மேடம்? இந்த வயசுலயா?"

"பஸ்ல எனக்கு டிக்கெட்டே கிடையாது தம்பி, லேடீஸ் ஃப்ரீ!"

லிஸ்ட் வந்துவிட்டது. முதல் பெயர் அதிராம்பட்டினத்தில் ஒரு பெண். ஊரில் வீடு கட்டித் தருகிறாராம். வியாழக்கிழமை போகிறேன். என்ன சொல்ல வேண்டும் என்று எதுவும் யோசித்து வைக்கவில்லை. கேட்கத்தானே போகிறேன்...