வெட்ட மனசு வராத கேபிள்

எங்கள் வீட்டில் ஃபாரின் பொருளைப் பிரிக்கும் வழக்கம் கிடையாது. அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்த டேப்ரெக்கார்டர் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தபடியே பாடும். வாசனை சோப்பை யாரும் தேய்த்துக் குளித்ததில்லை. பீரோவில் புடவைகளுக்கு நடுவே வைத்துவிடுவோம். இஸ்திரிப் பெட்டியின் ஸ்டிக்கர் சூட்டில் தானாக உதிர்ந்தபோது அம்மா அதையும் எடுத்துப் பத்திரப்படுத்தினாள். இந்தப் புத்தி தெரிந்தால்தான் என் கணவர் செய்த காரியம் உங்களுக்குப் புரியும்.

அப்போது தஞ்சாவூருக்குக் கால் டாக்ஸி புதுசு. செல்போன் பெரிய மனிதர்களின் சட்டைப் பையில் மட்டும் இருந்த காலம். ரயிலடிப் பக்கம் ஒரு மாடியறையில் டாக்ஸி ஆபீஸ், அங்கே போன் எடுக்கிற வேலை எனக்கு. முதலாளி லைசென்ஸ் வாங்கிவிட்டார், எல்லா வண்டியிலும் வயர்லெஸ் மாட்ட வேண்டும் என்றார். என் கணவர் ரேடியோ மெக்கானிக். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நான்தான் சிபாரிசு செய்து அவரைக் கூட்டிவந்தேன்.

"முதல்ல ஒரு வண்டியில மாட்டிக் காட்டுங்க. பாபநாசத்துலேர்ந்து டிரைவர் பேசறது இங்க கேக்கணும். கேட்டா எல்லா வண்டியும் உங்க பொறுப்பு, வேலையும் நிரந்தரம்" என்றார் முதலாளி.

கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். அண்ணனுடைய கம்பெனியில் இவருக்கு ஒரு விசா காத்திருந்தது. "மாப்பிள்ளையை அனுப்பி வை பாப்பா, இங்க ராஜா மாதிரி இருக்கலாம்" என்று வெள்ளிக்கிழமை தவறாமல் அண்ணன் போன் பண்ணுவான். இவரும் பாஸ்போர்ட் எடுத்துவிட்டார். வீட்டில் அத்தனை பேருக்கும் சந்தோஷம், என்னைத் தவிர. எனக்கு இவர் போகக் கூடாது. பாபநாசம் கேட்க வேண்டும் என்று வேளாங்கண்ணி மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டேன். வயர்லெஸ்ஸுக்காக மாதாவைத் தொந்தரவு செய்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

விஷயம் கேள்விப்பட்ட அண்ணன், லீவில் ஊருக்கு வந்த ஒருவரிடம் ஓர் ஆன்டெனாவும் ஒரு சுருள் கேபிளும் கொடுத்தனுப்பினான். கார்க் கூரையில் நிற்கும் ஆன்டெனாவிலிருந்து டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள வயர்லெஸ் பெட்டிக்கு வர இரண்டு ஆள் உயரம் கேபிள் இருந்தால் தாராளம். வந்த சுருளோ எங்கள் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கொல்லையிலும் எட்டிப் பார்க்கும். வேண்டியதை வெட்டிக்கொண்டு மாட்ட வேண்டியதுதானே?

"மச்சான் அனுப்புனதை வெட்டுறதா?" என்றார் இவர். மிச்சத்தை அழகாக வட்டம் வட்டமாகச் சுருட்டிப் பின் சீட்டுக்கு அடியில் திணித்தார். ஆன்டெனாக் குச்சியும் நீளமாகத்தான் வரும். நமக்குக் கொடுத்திருக்கும் அலைவரிசைக்கு ஏற்ப அதைத் துளித்துளியாக நறுக்கிச் சரிசெய்ய வேண்டும். அதிலும் கை வைக்கவில்லை. நுனியிலிருந்த பிளாஸ்டிக் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

பெட்டியிலிருந்து கேபிள் கிளம்பும் இடத்தில் மாட்டிப் பார்க்க அவரிடம் ஒரு சின்ன மீட்டர் இருந்தது. ஆன்டெனாவில் கோளாறு இருந்தால், பெட்டி அனுப்பும் சக்தியில் ஒரு பங்கு வெளியே போகாமல் திரும்பி வருமாம். திரும்பி வந்தால் முள் எழும்பும், கோளாறு இல்லையென்றால் படுத்துக் கிடக்கும். முள் படுத்தே கிடந்தது.

"பாத்தியா? ஃபாரின் ஃபாரின்தான்."

மறுநாள் வெள்ளை அம்பாசடர் பாபநாசம் கிளம்பியது. நான் ஆபீஸில் மைக்கைப் பிடித்திருந்தேன். பக்கத்தில் முதலாளியும் இவரும். பள்ளியக்ரகாரம் வரை டிரைவர் கணீரென்று பேசினார். பசுபதிகோயிலில் குரல் வறுபட ஆரம்பித்தது. அய்யம்பேட்டையில் கர்ர் மட்டும். பாபநாசத்திலிருந்து அதுவும் இல்லை.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாருங்க. இல்லேன்னா திருச்சி ஆளுங்களைக் கூப்புட்டுக்கறேன்" என்று முதலாளி எழுந்து போனார்.

வண்டி திரும்பி வந்ததும் இவர் மீட்டரை மாட்டிப் பார்த்தார். முள் சமத்தாகப் படுத்திருந்தது. "எல்லாம் சரியாத்தானே இருக்கு. நமக்கு விதிச்சது துபாய்தான் போல" என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு மூலையில் சந்தோஷம் தெரிந்த மாதிரி இருந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"சீட்டுக்கு அடியில இவ்வளவு கேபிள் எதுக்குங்க?"

"நீளம் கூடுனா கொஞ்சம் சக்தி குறையும். ஆனா முள்ளு ஒண்ணும் காட்டலையே."

"முள்ளு கிடக்குது!" என்று அவர் பையிலிருந்த கட்டரை எடுத்து, தேவையான அளவு விட்டு, நறுக்கென்று வெட்டினேன். சீர்வரிசைத் தட்டைக் கீழே போட்டுவிட்டவளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். வெட்டிய முனையில் பிளக்கைப் பொருத்தினார், மீட்டரைப் பார்த்தார். முள் விருட்டென்று எழுந்து நின்றது.

"கெடுத்துட்டியே!"

கெடுத்துத்தான் விட்டோமோ என்று எனக்கும் சந்தேகம் வந்தது. அவர் சீட்டுக்கு அடியில் கிடந்த சுருளையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்தார். திடீரென்று தலையில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அவ்வளவு நீளக் கேபிள், போகிற சக்தியையும் வழியில் தின்றிருக்கிறது, திரும்பி வந்ததையும் தின்றிருக்கிறது. மீட்டர் வரைக்கும் எதுவும் வந்து சேராததால், முள் பாவம் எல்லாம் சுகம் என்று நினைத்துப் படுத்துவிட்டது. கோளாறு நறுக்காத ஆன்டெனாக் குச்சியில் முதலிலிருந்தே இருந்திருக்கிறது.

அப்புறம் குச்சியை நறுக்கினார். ஒவ்வொரு துளிக்கும் "மச்சான் மன்னிச்சுக்குங்க" என்று வாய்விட்டுச் சொன்னார். முள் மெல்ல மெல்ல இறங்கியது.

சனிக்கிழமை மறுபடி வண்டி போனது. "பாபநாசம் ரயில்வே கேட்டுல நிக்கிறேன் மேடம். பஜ்ஜி சாப்புடுறேன். ஓவர்."

"மெல்றதுகூடக் கேக்குதேய்யா!" என்றார் முதலாளி. நான் ஆபீஸ் என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன். இவருக்கு வேலை நிரந்தரமானது, விசா வேறு யாருக்கோ போனது. வெட்டிய மிச்சக் கேபிளைக் கொல்லையில் கொடியாகக் கட்டித் துணி காயப்போட்டேன்.

கிறிஸ்மஸுக்கு அண்ணன் வந்தான். வந்த அன்றே கொல்லைக்குப் போனவன் கண்ணில் அந்தக் கொடி பட்டது. இவர் அடுப்படியில் எனக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

"நான் அனுப்புனதுல முக்கால்வாசி இங்கதான் காயுதா?" என்று அண்ணன் சிரித்தான். "நீளமா இருந்தா ரொம்ப தூரம் கேக்கும்னு நெனச்சேன் பாப்பா." விசாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

அவன் திரும்பிப் போகும் நாளில் எங்கள் அம்பாசடரிலேயே திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினான். இவரும் கூடப் போனார். நான் ஆபீஸில் இருந்தேன். அண்ணன் மைக்கை வாங்கிக்கொண்டு வழியெல்லாம் விளையாடினான். "வல்லம் வந்தாச்சு, ஓவர்." "ஒரு மாடு குறுக்கே வருது, ஓவர்." மற்ற வண்டி டிரைவர்களெல்லாம் கேட்டுச் சிரித்தார்கள்.

செங்கிப்பட்டி பக்கத்தில் விளையாட்டு நின்றது. பிறகு அவன் குரல் வந்தது.

"பாப்பா, மாப்பிள்ளையை அனுப்பாம விட்டியே, நல்ல காரியம் பண்ணுனே. ராஜா மாதிரின்னு நான் சொன்னதெல்லாம் சும்மா. அங்க தனியா இருக்க முடியலைடி. அதான் துணைக்குக் கூப்புட்டேன்."

ஓவர் என்று சொல்லவில்லை. நான் மைக்கை அமுக்கி "அண்ணே" என்றேன். அதற்குள் கர்ர் என்று இரைச்சல் வந்து மூடிவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை துபாயிலிருந்து போன் வந்தது.

"எப்படிண்ணே இருக்கே?" என்றேன்.

"எனக்கென்ன பாப்பா, நல்லா இருக்கேன்" என்றான். பக்கத்து அறையில் இருந்து பேசுவது போலத் துல்லியமாகக் கேட்டது. துபாய்க்கும் தஞ்சாவூருக்கும் நடுவே அவ்வளவு நீளக் கேபிள். முள் அசையவே இல்லை.