அம்மாவைத் தொலைத்த வெள்ளிக்கிழமைகள்

கண்டி நகரில் சத்தமில்லாத இடம் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் மூச்சு விடாமல் நாலைந்து இடம் சொல்வேன். வாகனங்கள் முட்டி மோதும் தெருவிலிருந்து கொஞ்சம் மேலே ஏறினால் போதும், இலை விழுவது கேட்கும் என்பேன். எந்த மேட்டில் எந்த நேரத்தில் வெயில் சாய்ந்து விழும் என்றும் சேர்த்துச் சொல்வேன். கேட்பவர்கள் என்னைப் பெரிய இயற்கை ரசிகன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் மறுப்பதில்லை. பாராட்டை மறுக்கிற கெட்ட பழக்கம் என்னிடம் கிடையாது. ஆனால் உண்மை வேறு. அந்த இடங்களையெல்லாம் நான் தேடிக் கண்டுபிடித்தது பத்து வயதில், பெற்ற தாயைத் தொலைத்துவிட்டு வருவதற்காக.

நாங்கள் கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கண்டிக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அப்பாவுக்கு இரும்புக் கடையில் சீமெந்து மூட்டை இறக்குகிற வேலை. திருகோணமலை வீதியின் கடைசியில் ஒரு மாடி அறையில் குடியிருந்தோம். தோட்டத்தில் இருந்தவரை அம்மா பனிமூட்டத்திலும் கண்ணை மூடிக்கொண்டு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போய் வருவாள். கண்டியிலோ கண்ணைத் திறந்துகொண்டே தொலைந்து போனாள். வந்த புதிதில் கருவாடு வாங்க மார்க்கெட்டுக்குப் போனவள், ஏரியை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மத்தியானம் தாண்டி வீட்டுக்கு வந்தாள். யாரிடமும் வழி கேட்கவில்லை. கேட்பதென்றால் சிங்களத்தில் கேட்க வேண்டும், தப்பாகப் பேசினால் சிரிப்பார்கள் என்ற கூச்சம். கூச்சப்படுவதைவிட ஏரியைச் சுற்றுவது அவளுக்கு லேசாக இருந்தது.

இப்படிப்பட்ட அம்மாதான் ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது, குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகப் போகிறேன் என்றாள். புசல்லாவையில் இருக்கும் அத்தை அப்படிப் போய் வந்துதான் சொந்தமாக வீடு கட்டியிருந்தார். இரண்டு வருடம், ஒரு வீடு. அம்மாவின் கணக்கு அவ்வளவுதான்.

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"மணிக்கூட்டுக் கோபுரத்துக்கிட்ட ரோட்டத் தாண்டத் தெரியல. நீ கடலத் தாண்டப் போறியா?"

"பழகிக்கலாங்க."

"மொதல்ல கண்டியில தொலையாம இரு. பொறவு குவைத்தப் பத்திப் பேசலாம். இன்னொரு தடவ தொலைஞ்சியோ, அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

அம்மா குழம்பை ஊற்றினாள். எனக்கு அந்த இடத்திலேயே பாதை தெளிவாகத் தெரிந்துவிட்டது. அம்மா போகக் கூடாது. போகாமல் இருக்க அவள் தொலைய வேண்டும். ஒரே ஒரு தடவை, அப்பா காதுக்கு எட்டுகிற மாதிரி, ஒழுங்காகத் தொலைய வேண்டும். மகனாகப் பிறந்தவன் இந்த உதவியைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி?

வழியை அம்மாவே திறந்துவிட்டாள். பயணம் சரிவர வேண்டுமென்று, கட்டுக்கலைப் பிள்ளையாருக்கு வெள்ளிக்கிழமைதோறும் அருகம்புல் மாலை சாத்துவதாக நேர்ந்துகொண்டாள். கோயில் வாசலிலேயே மாலை விற்கிறார்கள். ஆனால் காசு கொடுத்து வாங்கினால் அது பூக்காரம்மாவின் நேர்த்தி ஆகிவிடுமாம். தன் கையால் பறிக்க வேண்டும். அதுவும் மனிதக் கால் மிதிக்காத, நாய் காலைத் தூக்காத புல்லாக இருக்க வேண்டும். தோட்டத்தில் தண்ணீர்ப் பீலிக்குப் பின்னால் அப்படிப்பட்ட புல் பாய் பாயாகக் கிடக்கும். கண்டி டவுனில் கால் படாத மண்ணுக்கு எங்கே போவது? நாய்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

"நான் கூட்டிட்டுப் போறேம்மா. ஸ்கூல்ல எல்லா எடமும் சொல்லித் தந்திருக்காங்க" என்றேன். அம்மா என் தலையைத் தடவினாள். அந்த நேரத்தில் பிள்ளையார் தும்பிக்கையால் தலையைச் சொறிந்திருப்பார்.

முதல் வெள்ளி, அரண்மனைப் பக்கத்தில் பழம்பொருள் நூதனசாலைக்குப் பின்னால் மேடேறிப் போனால் வரும் வெள்ளைக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம். கீழே வேன்களும் தாமரைப்பூ விற்கிறவர்களும் போடும் சத்தம், மேலே ஏறியதும் கதவைச் சாத்தியதுபோல நின்றுவிட்டது. புல் சீராக வெட்டி விரித்த கம்பளமாகக் கிடந்தது. அம்மா குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏன்டா, செத்தவங்க மேல மொளச்சதப் புடுங்கி சாமி கழுத்துல போடச் சொல்றியா?"

நான் பதில் சொல்ல அங்கே இல்லை. பெரிய கல்லறை ஒன்றின் பின்னால் குந்தியிருந்தேன். அம்மா "தம்பி, தம்பி" என்று கூப்பிட்டாள். சுற்றிப் பார்த்தாள். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்து எனக்கே எழுந்து ஓடலாம் போலிருந்தது. குவைத்தை நினைத்து மனதைக் கல்லாக்கிக்கொண்டேன். கல்லறைக்குப் பின்னால் இருந்ததால் அது சுலபமாக முடிந்தது.

அம்மா சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் மனிதரிடம் போனாள். "மஹத்தயா" என்று ஐயா போட்டுத் தொடங்கினாள். பாதி சிங்களம், பாதி கைச்சாடை, என் உயரம் இவ்வளவு என்று இடுப்பருகே ஒரு கோடு. அந்த ஆள் சிரிக்கவில்லை. டவுனுக்கு இறங்கும் வழியைக் காட்டினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். கையை அப்படியே திருப்பி நான் இருந்த கல்லையும் காட்டினார். கல்வெட்டைப் படித்துக்கொண்டிருந்தேன் என்றேன். "இங்கிலீஸா?" என்று அம்மா பூரித்துப் போனாள். எனக்கு அப்போது இங்கிலீஷ் எழுத்துகளில் முக்கால்வாசிதான் பழக்கம்.

அடுத்த வெள்ளி, தலதா மாளிகைக்கு மேலே இருக்கும் உடவத்தைக் காடு. புல்லுக்காக நான் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. பாதைகள் பிரிந்து பிரிந்து போகும் என்று கேள்விப்பட்டிருந்தேன். கண்டபடி திரும்பினேன். கட்டிக்கொண்டு வந்த ரொட்டியைக் குரங்கு வாங்கிக்கொண்டது. என் காலில் இரண்டு அட்டைகள் விருந்து சாப்பிட்டன. "நெழல்ல எங்கடா அருகம்புல் மொளைக்கும்?" என்று அம்மா நியாயமாகக் கேட்டாள். அதற்குள் எனக்கே வழி மறந்துவிட்டது. அம்மாவைத் தொலைக்கப் போய் நான் தொலைந்தேன். அழுகை மூக்குவரை வந்தது.

ஒரு மூங்கில் புதருக்கடியில் குடை விரிந்திருந்தது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை. கண்டியில் எந்த ஒதுக்குப்புறத்துக்குப் போனாலும் அங்கே ஒரு குடை விரிந்திருக்கும், அதற்குப் பின்னால் நான்கு கால்கள் தெரியும். ஊரில் எல்லோரும் அதைப் பார்க்காததுபோலக் கடந்துபோவார்கள். அம்மாவுக்கு அந்தச் சட்டம் தெரியாது. நேராகப் போய்க் கதவைத் தட்டுவதுபோலக் குடையைத் தட்டினாள். குடை எகிறியது. உள்ளே இருந்த பையன் எழுந்து நின்று வழியைக் காட்டினான். பெண் பிள்ளை கும்பிடவே செய்தாள். பையனுடைய அம்மா என்று நினைத்துவிட்டாளோ என்னவோ.

இறங்கி வரும்போது அம்மா சொன்னாள், "பாவம்டா, நல்ல புள்ளைங்க. எவ்வளவு மரியாத." பிறகு நின்று யோசித்தாள். யோசித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். கண்டிக்கு வந்தபிறகு அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் நிலைமை கையை மீறியது. ஏரிக்கு மேலே, ஒரு காலத்தில் ஊருக்குத் தண்ணீர் கொடுத்த பழைய நீர்த்தேக்கம் ஒன்று காட்டுக்குள் கிடக்கிறது. அதன் கரையில் நல்ல புல் கிடைத்தது. திரும்பி வரும்போது அம்மா ஒரு விறகுக்காரரிடம் வழி கேட்டாள், வளைவில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையிடம் கேட்டாள், ஏரிக்கரைக்கே வந்தபிறகு வடை விற்பவரிடம் ஏரி எங்கே என்று கேட்டாள்.

"தெரிஞ்ச எடத்த எதுக்கும்மா கேக்குற?"

"சும்மாதான். சொல்றாங்களான்னு பாக்குறேன்."

சிங்களம் தப்பினால் இப்போது அவளே முதலில் சிரித்தாள். எதிராளி திருத்தினால் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். வெட்கம் கெட்டுப்போய்விட்டாள் என்று நினைத்தேன். குவைத்துக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியிலிருந்து கடிதாசிகள் வரத் தொடங்கின. அப்பாவும் முன்போல எதிர்த்துப் பேசவில்லை. இனிச் சில்லறை வேலை சரிப்படாது, பெரிதாக ஒன்று செய்தாக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஹல்லொலுவப் பக்கம் மகாவலிக்கு மேலே ஒரு தொங்குபாலம் இருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமை அங்கே போனோம். பாலத்துக்குக் கீழே ஆறு சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. கரையில் ஆள் நடமாட்டம் இல்லை. அருகம்புல் தளதளவென்று நின்றது. அம்மா மடி நிறையப் பறித்தாள். இதுவரை பார்த்ததிலேயே இதுதான் பிள்ளையாருக்கு ஏற்ற இடம் என்றாள். திரும்பும்போது நான் அவளைக் கண்டிக்கு எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸில் ஏற்றினேன். அம்மா பின் இருக்கையில் உட்கார்ந்து புல்லை மடியில் அடுக்கித் துப்புரவாக்கினாள். நான் முன்னால் போய் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த தரிப்பிடத்தில் முன் கதவால் இறங்கிவிட்டேன். பஸ் போய்விட்டது.

என் திட்டம் இதுதான். பஸ் கடைசித் தரிப்பிடத்துக்குப் போகும். அம்மா அழுவாள். யாராவது பொலிசுக்குக் கூட்டிப்போவார்கள். அப்பா கடையில் மூட்டையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வருவார். குவைத் முடிந்தது. நான் அதற்குள் நடந்தே கண்டிக்குப் போய் ஒன்றும் தெரியாதவன்போலப் படித்துக்கொண்டிருப்பேன்.

திட்டத்தில் ஒரே ஒரு குறை. கண்டிக்கு எப்படி நடப்பது என்று எனக்குத் தெரியாது. குறுக்குப் பாதை என்று நினைத்து ஒரு சந்தில் இறங்கினேன். அது வயலில் போய் முடிந்தது. மழை பிடித்தது. ஒரு கொக்கும் நானும் மட்டும் நனைந்துகொண்டு நின்றோம். அவ்வளவு அழகான, அவ்வளவு அமைதியான இடத்தை நான் கண்டியில் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. அப்போது அது மயானம் மாதிரி இருந்தது. ஒரு கிழவர் மண்வெட்டியோடு கடந்துபோனார். வழி கேட்க வாயைத் திறந்தேன். சிங்களம் வரவில்லை. ஒரு வருடமாகப் பள்ளிக்கூட மைதானத்தில் கத்திய சிங்களமெல்லாம் எங்கேயோ ஓடிவிட்டது. சேற்றில் திரும்பி நடந்து, இறங்கிய தரிப்பிடத்துக்கே வந்து ஒண்டிக்கொண்டேன். அம்மா எங்கே அழுதுகொண்டிருக்கிறாளோ என்று நினைத்து நானே அழுதேன்.

எதிரே ஒரு பஸ் வந்தது. நிற்கும் முன்னே மிதிபலகையில் ஒரு பெண் தெரிந்தாள். ஒரு கை கம்பியில், மறு கையில் புல் மூட்டை, மழையில் பாதி நனைந்து, ரோட்டின் இரண்டு ஓரத்தையும் பார்த்தபடி. பக்கத்தில் கொண்டக்டரும் தலையை வெளியே நீட்டித் தேடிக்கொண்டு நின்றார். பின்னால் ஜன்னல் ஜன்னலாகத் தலைகள். பஸ் முழுவதையும் அம்மா வேலைக்கு அமர்த்தியிருந்தாள்.

"மே புத்தாத?" என்று கொண்டக்டர் கேட்டார், இவன்தானா உன் மகன் என்று.

"ஒவ் ஒவ், மகே புத்தா" என்றாள் அம்மா. பிறகு என்னிடம், "ஏறு" என்றாள்.

அவ்வளவுதான். ஏன் இறங்கினாய் என்று கேட்கவில்லை. அடிக்கவில்லை. சேலைத் தலைப்பைப் பிழிந்து என் தலையைத் துவட்டினாள். நான் தவறுதலாக இறங்கிவிட்டேன் என்று ஒரு கதையைத் தொடங்கினேன். "சரி, சரி" என்றாள். கண்டி வரும்வரை கொண்டக்டரோடு பேசிக்கொண்டு வந்தாள். அவருக்கு எத்தனை பிள்ளைகள், பெரியவள் என்ன படிக்கிறாள், எல்லாம் விசாரித்தாள். கோயில் நடை சாத்தப்போகும் நேரத்தில் ஓடிப்போய் மாலையைக் கொடுத்தோம். அம்மா கண்ணை மூடி நின்றாள். நான் பக்கத்தில் நின்று, அவள் கேட்பதைக் கொடுக்காதே என்று பிள்ளையாரிடம் அதைவிட உரக்க மனதுக்குள் கேட்டேன். நடந்ததை அவள் அப்பாவிடம் சொல்லவேயில்லை. நானும் சொல்ல முடியவில்லை. தொலைந்தது நான் என்றல்லவா ஆகியிருந்தது.

தைப்பொங்கல் முடிந்து அம்மா புறப்பட்டாள். கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு அப்பாவும் நானும் போனோம். கண்ணாடிக்கு வெளியே எங்களை நிறுத்திவிட்டார்கள். உள்ளே நாலா பக்கமும் வரிசைகள், விளக்குகள், எங்கே பார்த்தாலும் அம்புக்குறிகள். அம்மாவோடு வந்த மற்றப் பெண்கள் ஒரு மூலையில் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நின்றார்கள். இப்போது திரும்பி வந்துவிடுவாள் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அம்மா சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள். சீருடை போட்ட ஒருவரிடம் நேராகப் போனாள். கையை ஆட்டி என்னவோ கேட்டாள். அவர் காட்டினார். கொஞ்சம் தள்ளிப் போய், சரிதானா என்று இன்னொருவரிடமும் கேட்டாள். பிறகு அந்தப் பெண்களைக் கையசைத்துக் கூப்பிட்டாள். அவர்கள் எல்லோரும் அம்மாவுக்குப் பின்னால் வரிசையாக நடந்தார்கள். திருப்பத்தில் நின்று எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

அப்பா கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். "பரவால்லடா, ஏஜென்சிக்காரன் நல்லாப் பழக்கியிருக்கான்" என்றார்.

அந்த ஏஜென்சிக்காரன் மேல் எனக்குப் பல வருடம் கோபம் இருந்தது.