பள்ளி வாசற்படியில் அக்கா கேட்ட இடம்

1991 ஜூன் மாதம், பள்ளிகள் திறந்த இரண்டாவது திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். ஒரகடத்துக்கு அருகில் எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளியில் பிரார்த்தனைக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. நான்காம் வகுப்பு வரிசையில் நின்ற என் மகள் மல்லிகா வலிப்பு வந்து கீழே விழுந்தாள். யாரோ பீரோ சாவிக்கொத்தைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்து, விரல்களை இறுக்கி மூடினார்கள். வலிப்பு அடங்கிய பிறகு பார்த்தால் உள்ளங்கை கிழிந்திருந்தது. மறுநாளே சில பெற்றோர் திரண்டு போய், அந்த நோய் தங்கள் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்றார்கள். தலைமையாசிரியை எங்களை வரவழைத்து, இனி மல்லிகாவை அனுப்ப வேண்டாம் என்றார்.

அன்று என்னோடு வந்தவர் என் அக்கா. அவர் எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் இனிய நினைவுகளை மட்டும் எழுதும்படி பெரியவர்கள் சொன்னார்கள். முயன்று பார்த்தேன், முடியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா சேரப்பணஞ்சேரியில் பிறந்தார். வாலாஜாபாத் அரிசி மில்லில் கணக்கு எழுதிய எங்கள் அப்பாவுக்கு மூத்த மகள். பள்ளி இறுதித் தேர்வில் தேறி, ஆசிரியர் பயிற்சியும் முடித்தார். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்துவிட்டு, தவறாமல் புதுப்பித்துக்கொண்டே இருந்தார். அரசு அவரை ஒருநாளும் கூப்பிடவில்லை. திருமணமான சில ஆண்டுகளில் மாமா மஞ்சள் காமாலையில் இறந்தார். புகுந்த வீட்டார் அக்காவின் ராசியைக் காரணம் காட்டினார்கள். ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். என் கணவருக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, எனக்கு அலுவலகத்தில் தட்டச்சு வேலை. மல்லிகாவை வளர்த்தது அக்காதான்.

அன்று தலைமையாசிரியை முன்னால் நான் அழுதேன். அக்கா அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"வகுப்புல வேணாம் டீச்சர். வாசப்படியில ஒக்காந்துக்கிறேன். அவளுக்கு வந்துச்சுன்னா நான் பார்த்துக்கிறேன்."

"இது பள்ளிக்கூடமா, ஆஸ்பத்திரியாம்மா?" என்று கேட்டுவிட்டு அவர் எழுந்துகொண்டார்.

அப்படித்தான் எங்கள் வீட்டில் பாடம் தொடங்கியது. வீட்டுப் படிப்பு உயர்ந்தது என்று நம்பி நாங்கள் இறங்கவில்லை. எங்களுக்கு வேறு கதவு இல்லை.

முதல் சில வாரங்கள் அக்கா புத்தகமே திறக்கவில்லை. செங்கல்பட்டு ஆஸ்பத்திரி மாத்திரையில் காலையெல்லாம் குழந்தை தூங்கி வழிவாள் என்பதைக் கவனித்து, பாடத்தை மாலைக்கு வைத்தார். எனக்குப் பொறுமையில்லை. சென்னையிலிருந்த உறவினர் ஒருவர் சொன்னார் என்று வழவழப்பான ஆங்கிலப் புத்தகங்கள் வாங்கி வந்தேன். அவற்றில் பனி வீடும் பனிக்கரடியும் இருந்தன. அக்கா புரட்டிப் பார்த்து, இதில் வருகிற எதையும் குழந்தை கண்டதில்லை, தனக்குத்தான் படிப்பு வரவில்லை என்று நினைத்துக்கொள்வாள் என்றார். அடுத்ததாகக் கேள்வி பதில் நோட்ஸ் வாங்கினேன். "பதிலும் அதுலயே கீதே, அப்ப பாப்பா எதுக்கு?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வாலாஜாபாத் பழைய புத்தகக் கடையில் அவர் தேடியெடுத்தவை அரசுப் பாடநூல்கள். ஒரு வகுப்புக்கு மட்டும் அல்ல, இரண்டிலிருந்து ஐந்து வரை. கணக்கில் மல்லிகாவை இரண்டாம் வகுப்பிலிருந்தும், தமிழில் ஐந்தாம் வகுப்பிலிருந்தும் தொடங்கினார். வயதைப் பார்க்காமல் தெரிந்ததைப் பார்த்துப் புத்தகம் எடுக்க வேண்டும் என்பதை நான் அப்போதுதான் கண்டேன். மாலையில் பேருந்து நிறுத்தத்துக்குக் கூட்டிப்போய் வழித்தடப் பலகைகளை வாசிக்க வைப்பார். லாரி எண்களைக் கூட்டச் சொல்வார்.

வெளியே கூட்டிப்போனது பலருக்குப் பிடிக்கவில்லை. நாளைக்கு யார் இவளைக் கட்டிக்கொள்வார்கள் என்று என் காதுபடவே பேசினார்கள். பேசியவர்கள் கையிலும் இம்மலர் இருக்கும். பார்க்க வந்தவர்கள் பழம் கொண்டு வரவில்லை. தலையணைக்குக் கீழே வைக்கச் சொல்லி இரும்பு கொண்டு வந்தார்கள். பூட்டு தொலைந்த சாவிகள், துருப்பிடித்த தாழ்ப்பாள், ஒருவர் அரிவாளே கொண்டு வந்தார். அரிவாளை மட்டும் அக்கா திருப்பி அனுப்பினார். சாவிகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, அவற்றை வைத்தே மல்லிகாவுக்கு வகுத்தல் சொல்லிக்கொடுத்தார். எங்களுக்குக் கிடைத்த பாடக் கருவிகளில் காசு கொடுத்து வாங்காதது அது ஒன்றுதான். கொடுத்தவர்களுக்கு நன்றி.

ஒருநாள் சித்தப்பா வந்து சிரித்தார். "இன்னாமே, வூட்லயே ஸ்கூல் நடத்துறியாமே. மணி அடிக்க ஆள் வெச்சிட்டியா?"

"மணி எதுக்கு சித்தப்பா? நீங்க உள்ள வந்தாலே நாங்க எழுந்து நின்னுடுறோமே," என்றார் அக்கா. மல்லிகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பள்ளியைவிட்டு வந்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஆனால் அக்காவுக்கு இது போதவில்லை. பிள்ளைகளோடு சண்டை போடவும் சேரவும் வீட்டில் எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பார். அடுத்த ஜூனில், வலிப்பு மிகவும் குறைந்திருந்தபோது, டாக்டர் சீட்டோடு மறுபடியும் பள்ளிக்குப் போய் அதே வாசற்படியைக் கேட்டார். அதே பதில்தான் கிடைத்தது. திரும்பி வந்து, செருப்பைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஐந்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்தார்.

தன் வயிற்றில் கட்டி இருந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் மருந்துப் பாட்டில்களின் மேலிருந்ததை மல்லிகாவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியாக என்னிடம் கேட்டதும் அந்த வாசற்படியைப் பற்றித்தான்: "ஜூன்ல மறுபடியும் போய்க் கேப்பியா?"

புத்தகக் கடைக்காரருக்கும், மல்லிகா பலகையை வாசித்து முடிக்கும்வரை விசில் ஊதாமல் நின்ற நடத்துநருக்கும், அக்காவின் தலையை வாரிவிட்ட செவிலியருக்கும், ஒருநாளும் இரும்பு கொண்டுவராத பக்கத்து வீட்டு மேரி அக்காவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மற்றவர்கள் இறுதி ஊர்வலத்துக்குத் திரளாக வந்தீர்கள். அதையும் மறக்கவில்லை.

எல்லோரும் வந்த பிறகு, அக்காவை எடுக்கப் போகும் நேரத்தில் அந்தத் தலைமையாசிரியை வந்தார். மாலையைக் காலடியில் வைத்தார். மல்லிகாவின் தலையைத் தொட்டார். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"காரியம் முடிஞ்சதும் பாப்பாவ ஸ்கூலுக்கு அனுப்புங்கம்மா. கூட யாராவது ஒருத்தர் வந்து வாசப்படியில ஒக்காந்துகினா போதும்."