பார்வையாளர்கள்: பத்தொன்பது

இது கட்டுக்கதை இல்லை. நாள், நேரம், யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பது வரை கையெழுத்தில் இருக்கிறது. எழுதியவள் எல்ஸ்பெத் லோரிமர். எடின்பரோ நாடாளுமன்றத்தில் இருபத்திரண்டு வருடமாக அவைக் குறிப்பு எழுதுகிறவள். யாராவது தும்மினால்கூட எந்த நாற்காலியிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவாள். இல்லாததை எழுதினாள் என்று இன்றுவரை ஒருவரும் அவளைச் சொன்னதில்லை.

டிசம்பர் மாதம், செவ்வாய்க்கிழமை, மதியம் 1.30. மேற்குக் கடலில் ஹார்னசே தீவு. ஊர் மண்டபம். நாடாளுமன்றத்தின் மனுக்குழு அங்கே போய் உட்கார்ந்திருந்தது.

மேடைப் பக்கம் நீள மேசை. நடுவில் குழுத் தலைவர் ஆர்ச்சி பெத்யூன். அவருக்கு இருபுறமும் உறுப்பினர்கள் நான்கு பேர். வலது ஓரத்தில் குழுச் செயலர் நயீம் சௌத்ரி. இடது ஓரத்தில் ஒரு சின்ன மேசை போட்டு எல்ஸ்பெத். எதிரே சாட்சிகளுக்கு இரண்டு நாற்காலி, இரண்டு ஒலிவாங்கி, இரண்டு பெயர் அட்டை. ஒன்றில் துறைமுகக் கம்பெனி அதிகாரி. இன்னொன்று காலி.

சாட்சிகளுக்குப் பின்னால் ஊர்க்காரர்கள். முன்வரிசையில் நான்கு பேர். மனு கொடுத்த பெய்கி மெக்காஸ்கில். படகில் மகனைப் பறிகொடுத்தவள். அடுத்து ஆங்கஸ், மனைவியைப் பறிகொடுத்தவர். அடுத்து டோலினா, தம்பியைப் பறிகொடுத்தவள். வரிசைக் கோடியில் மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஓர் இளம்பெண். கோட்டின் தலைமூடியைக்கூட இறக்கவில்லை. பெயர் கேட்கவில்லை.

அவர்களுக்குப் பின்னால் பதினைந்து பேர். ஆக, பத்தொன்பது.

ஆள் இருக்கும் நாற்காலிக்கு வட்டம், காலி நாற்காலிக்குப் பெருக்கல் குறி. அது எல்ஸ்பெத்தின் வழக்கம். பத்தொன்பது வட்டம் போட்டிருந்தாள்.

"பதினெட்டு," என்றார் நயீம்.

"எனக்குப் பத்தொம்பது வருதே."

"ரெண்டு தடவை எண்ணிட்டேன், எல்ஸ்பெத். பதினெட்டுதான்."

செயலர் கணக்குதான் கணக்கு. பதினெட்டு என்றே ஏறியது.

விவகாரம் இதுதான். மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு பிப்ரவரி மாலை, பெய்கியின் மகன் ரூரி ஓட்டி வந்த படகு துறைமேடையின் முனையில் மோதிக் கவிழ்ந்தது. மூன்று உடல்கள் கரை சேர்ந்தன. முனை விளக்கு எரிந்தது, ரூரிதான் குடித்திருந்தான் என்று விசாரணையை முடித்துவிட்டார்கள். கடைசியாகப் போனில் அவன் ஏதோ உளறினானாம், அதுதான் ஆதாரம். விளக்கே எரியவில்லை என்பது பெய்கியின் கட்சி. விளக்குக்காரன் டார்கில் மெக்கின்னஸோ '4.05, ஏற்றினேன்' என்று பதிவேட்டில் எழுதி வைத்திருந்தான்.

அந்த டார்கில்தான் இப்போது, நானே வந்து பேசுகிறேன் என்று குழுவுக்குச் சொல்லியனுப்பியிருந்தான். அவன் பேசினால் மனு நிற்கும். பேசாவிட்டால் அடுத்த செவ்வாய் மனுவை மூடிவிடுவார்கள். ரூரி குடிகாரனாகவே கிடப்பான்.

மணி இரண்டு ஆயிற்று. டார்கில் வரவில்லை.

கம்பெனி அதிகாரி பதிவேட்டை வாசித்துக்கொண்டே இருந்தார். பின்வரிசையில் முணுமுணுப்பு. பெய்கி எழுந்து நின்றாள்.

"லண்டன் கேக்கலேன்னுதான் உங்களை எடின்பரோவுல உக்கார வச்சோம். நீங்களும் கேக்கலேன்னா யார்கிட்டய்யா போறது? கடல்கிட்டயா?"

தலைவர் அவளைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை. அழைக்கப்படாதவர் பேச்சு குறிப்பில் ஏறாது. எல்ஸ்பெத் 'குறுக்கீடு' என்று ஒரு சொல் எழுதினாள். பெய்கி அதைப் பார்த்துவிட்டாள்.

"பாரு, எழுதுறா பாரு. ஒரே வார்த்தை! இதுக்குத்தான் விமானம் ஏறி வந்தியா?"

2.46. ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. எங்கோ நீர் சொட்டும் சத்தம்.

எல்ஸ்பெத் நிமிர்ந்தாள். காலி நாற்காலியில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். கறுப்புக் கம்பளிக் கோட்டு. தொப்பலாக நனைந்திருந்தது. எப்போது வந்தான்? கதவு திறந்த சத்தம் கேட்கவில்லையே...

2.47. தலைவர் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல் அடுத்த பெயரை வாசித்தார். எல்லாத் தலைவர்களும் செய்வதுதான்.

"நன்றி. மிஸ்டர் மெக்கின்னஸ், நீங்க என்ன சொல்றீங்க?"

ஒலிவாங்கியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

அந்த ஆள் குழுவைப் பார்க்கவில்லை. உட்கார்ந்தபடியே உடம்பைத் திருப்பி, பின்னால் முன்வரிசையைப் பார்த்தான். முதலில் பெய்கியை.

"நான் விளக்கு போடல."

அடுத்து ஆங்கஸை. "நான் விளக்கு போடல."

டோலினாவை. "நான் விளக்கு போடல."

கோடியில் இருந்த மஞ்சள் கோட்டை. அங்கே கொஞ்சம் தயங்கினான். "நான் விளக்கு போடல."

எல்ஸ்பெத் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். நான்கு வரி. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், யாரைப் பார்த்துச் சொன்னான் என்று ஓர் அம்புக்குறி. பிறகு, குரல் அவள் பக்கம் திரும்பியது.

"குடிச்சிட்டு வீட்டுல கிடந்தேன். மறுநாள்தான் ஏட்டுல எழுதினேன். எழுதிட்டியா?"

எழுதிவிட்டேன் என்று தலையாட்டினாள். அவன் முகத்தில் நன்றி இல்லை. தனக்குக் கடன்பட்டவளைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"ஓ... மன்னிக்கணும்," என்றார் தலைவர். "ஆள்தான் வரலையே. பழக்க தோஷம்."

மண்டபம் சிரித்தது. நல்ல சிரிப்பு இல்லை.

"எடின்பரோக்காரனுக்கு வெறும் நாற்காலியும் ஒண்ணுதான், நாமளும் ஒண்ணுதான்!" என்று யாரோ கத்தினார்கள்.

எல்ஸ்பெத் நிமிர்ந்தாள். நாற்காலி காலி. கோபித்துக்கொண்டு போய்விட்டான் போல என்று நினைத்தாள். தலைவர் மேல் அவளுக்கே எரிச்சல் வந்தது. பேசிக்கொண்டிருக்கும் மனிதனை இப்படியா அவமானப்படுத்துவது?

4.15க்குக் குழு விமானம் ஏறிவிட்டது. எல்ஸ்பெத்தும் நயீமும் மறுநாள் கப்பலில் போவதாக ஏற்பாடு. நயீமுக்கு மண்டபத்துப் பின்னறை. எல்ஸ்பெத் தங்கத் தீவில் ஒரே வீடுதான். அது பெய்கியின் வீடு. வேறு வழியில்லை. பெய்கி சாவியை மேசையில் வீசினாள். "மாடி. கால் துடைச்சிட்டு ஏறு."

5.10. எல்ஸ்பெத் மாடி அறையில் மடிக்கணினியைத் திறந்து, காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஒலிப்பதிவை ஓட்டினாள்.

'மிஸ்டர் மெக்கின்னஸ், நீங்க என்ன சொல்றீங்க?'

ஒன்பது வினாடி மௌனம்.

'ஓ... மன்னிக்கணும்.'

மறுபடி ஓட்டினாள். ஒன்பது வினாடி. மூன்றாம் தடவை ஒலியைக் கூட்டி வைத்தாள். இப்போது ஏதோ கேட்டது. சொட்டு... சொட்டு... சொட்டு... சொட்டு. நான்கு.

நோட்டைத் திறந்தாள். நான்கு வரியும், அடியில் ஏட்டைப் பற்றி அவன் சொன்னதும் இருந்தன. அவள் கையெழுத்துதான். ஒன்பது வினாடியில் அவ்வளவும் எழுத முடியாது.

ஒலிப்பதிவில் இல்லாததை ஏற்றினால் வேலை போகும். இருபத்திரண்டு வருடப் பெயரும் போகும். விரல் தானாகத் தட்டச்சு செய்தது: 'பதில் இல்லை.'

6.20. கீழே கதவு தட்டும் சத்தம். நயீம். முகம் வெளுத்திருந்தது.

"டார்கிலைக் கண்டுபிடிச்சுட்டாங்க. துறைமேடைக்குக் கீழ. தண்ணியில."

"எப்போ விழுந்தாராம்?"

"ஞாயித்துக்கிழமை ராத்திரின்னு டாக்டர் சொல்றாரு. ரெண்டு நாளாச்சு."

"கோட்டு?"

"என்ன?"

"என்ன கோட்டு போட்டிருந்தாரு, நயீம்?"

"கறுப்பு. கம்பளி. ஏன் கேக்குறீங்க?"

அவள் மாடி ஏறிவிட்டாள்.

6.35. அறைக் கதவு திறந்து கிடந்தது. சாத்திவிட்டுத்தான் இறங்கியிருந்தாள். நாற்காலிக்கு அடியில் கம்பளம் ஈரம். மிதித்ததும் பாதம் சில்லென்றது. உப்பு வாடை.

காதுக் கருவி மேசைமேல் கிடந்தது. எதிலும் செருகியிருக்கவில்லை.

அதிலிருந்து சொட்டும் சத்தம் வந்தது.

"தலையாட்டினியே."

குரல் கருவியிலிருந்து வரவில்லை. அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது.

திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்று மட்டும் தெரிந்தது. உட்கார்ந்தாள். 'பதில் இல்லை' என்பதை அழித்தாள். 'மெக்கின்னஸ்: நான் விளக்குப் போடவில்லை' என்று அடித்தாள். ஒரு தடவை.

அதுதான் அவர்கள் தொழிலின் விதி. ஒருவர் சொன்னதையே சொன்னால், ஒரு தடவை எழுதினால் போதும்.

"எத்தனை தடவை சொன்னேன்?"

காதுக்குப் பக்கத்தில். மூச்சு இல்லை. குளிர் மட்டும்.

இரண்டாவது அடித்தாள். மூன்றாவது. இறந்தவர்கள் மூன்று பேர். மூன்று சரி. கையை எடுத்தாள்.

கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது.

"இன்னும் ஒண்ணு."

"மூணு பேர்தானே..."

விளக்கு அணைந்தது.

இருட்டு. திரையும் அணைந்தது.

சொட்டு.

"ஞாயித்துக்கிழமை ராத்திரி எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. முனை தெரியல."

சொட்டு.

"எழுது."

கை பேனாவைத் தேடியது. நோட்டில் வெறும் பக்கத்தைப் புரட்டினாள், ஈரம். எழுதினாள். இருட்டிலேயே.

நான்காவது.

விளக்கு வந்தது. மணி 6.47. அறையில் யாரும் இல்லை.

சமையலறையில் பெய்கி ஹெர்ரிங் மீனைப் பொரித்துக்கொண்டிருந்தாள். எல்ஸ்பெத்தின் முகத்தைப் பார்த்தும் நாற்காலியைக் காட்டவில்லை.

"டார்கில் இன்னிக்கு மண்டபத்துல பேசினாரு," என்றாள் எல்ஸ்பெத்.

கரண்டி நின்றது. "செத்தவனை வச்சு என்கிட்ட விளையாடாதே. அவன் வாயைத் திறக்காமப் போய்ச் சேர்ந்துட்டான். என் புள்ளையோட பேரையும் சேர்த்து இழுத்துக்கிட்டுப் போயிட்டான்."

எல்ஸ்பெத் நோட்டை நீட்டினாள். நான்கு வரி, நான்கு அம்பு. "விளக்கு போடலேன்னு சொன்னாரு. ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்துச் சொன்னாரு. உங்களை. ஆங்கஸை. டோலினாவை. அப்புறம் கோடியில இருந்த அந்தப் பொண்ணை."

"எந்தப் பொண்ணை?"

"மஞ்சக் கோட்டு."

"முன்னால நாங்க மூணு பேர்தான் உக்காந்திருந்தோம்."

அடுப்பில் மீன் கருகியது. பெய்கி அணைக்கவில்லை. கடைசி அம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசும்போது குரல் வேறு மாதிரி இருந்தது.

"அன்னிக்குப் படகுலேருந்து ரூரி போன் பண்ணினான். 'அம்மா, நாலு பேர் வர்றோம், சூப் போதுமா'ன்னு கேட்டான். படகோட பெயர்ப் பட்டியல்ல மூணு பேர்தான். மூணு உடம்புதான் கிடைச்சுது. ஆளை எண்ணத் தெரியாத அளவுக்குக் குடிச்சிருந்தான்னு எழுதிட்டாங்க."

"நீங்க என்ன நெனச்சீங்க?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன்," என்றாள் பெய்கி. "மூணு வருஷமா."

அவள் உட்கார்ந்துவிட்டாள். எல்ஸ்பெத் போய் அடுப்பை அணைத்தாள்.

நயீமிடம் தொலைபேசியில் ஒன்றே ஒன்று கேட்டாள். பார்வையாளர்களை எண்ணியபோது முன்வரிசைக் கோடி நாற்காலியில் யார்? "யாரும் இல்ல. ஈரமா இருந்துச்சு. கூரை ஒழுகுதுன்னு நெனச்சேன்," என்றார் அவர். அன்று முழுக்க மழையே இல்லை.

கடிதத்தை எட்டு மணிக்கு எழுத ஆரம்பித்தாள். ஒழுங்காக, எண் போட்டு, குழுத் தலைவருக்கு.

ஒன்று: 2.47க்கு ஒலிப்பதிவில் உள்ள ஒன்பது வினாடி மௌனத்தில் டார்கில் மெக்கின்னஸ் பேசியதை நான் கண்ணால் பார்த்தேன், காதால் கேட்டேன். நோட்டின் மூலப் பக்கத்தை இணைத்திருக்கிறேன். இதற்காக என்மீது எடுக்கும் நடவடிக்கைக்கு உட்படுகிறேன்.

இரண்டு: அவர் ஒரே வாக்கியத்தை நான்கு முறை சொன்னார். விதிப்படி ஒன்றாகச் சுருக்க வேண்டாம். நான்கும் அப்படியே ஏறட்டும்.

மூன்று: படகில் சென்றவர்கள் எத்தனை பேர் என்று குழு கேட்கும்வரை மனுவை மூட வேண்டாம்.

கையெழுத்துப் போட்டாள். இருக்கை வரைபடத்தையும் உள்ளே வைக்க எடுத்தாள். முன்வரிசையில் நான்கு வட்டம். நான்காவது வட்டத்தில் மட்டும் மை கரைந்திருந்தது. தொட்டுப் பார்த்தாள். ஈரம் இன்னும் காயவில்லை.

மறுபடி பேனாவைத் திறந்து, கீழே ஒரு வரி சேர்த்தாள்.

நான்கு: பார்வையாளர் எண்ணிக்கை பதினெட்டு அல்ல. பத்தொன்பது.

உறையை ஒட்டினாள். ஓரங்களை விரலால் இரண்டு தடவை அழுத்தினாள். காலை 7.40க்குப் பெய்கியே கூட நடந்து வந்தாள். தெருமுனைச் சிவப்புப் பெட்டியில் போட்டதும், உள்ளே கடிதம் விழும் சத்தம் கேட்டது. 7.52க்குத் தபால் வண்டி வந்து எடுத்துக்கொண்டு போயிற்று.