காற்றைத் தின்ற விசிறி

மாலை நாலே முக்கால். கோலா சிலாங்கூர் படகுத்துறையில் ஆறு, கடலுக்குப் போக மனமில்லாததுபோல் பழுப்பாய்க் கிடந்தது. எட்டு மைல் மேலே தோட்டம். அங்கே என் தங்கை மகளுக்குச் சடங்கு. மூத்த தாய்மாமன் நான். முதல் சீர்த்தட்டு என்னுடையது. ஆனால் இது மலாயாவில் அவசரகாலம், காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்வேலி. ஆறு மணிக்குக் கேட்டை அடைத்துவிடுவார்கள். அதற்குள் நான் போய்ச் சேராவிட்டால் என் தம்பி முத்து அந்தத் தட்டை வைத்துவிடுவான்.

முத்துவுக்குச் சொந்தப் படகு உண்டு, சின்ன இயந்திரம். அதற்காகவே துறையிலிருந்ததில் பெரிய இயந்திரப் படகை மூன்று வெள்ளிக்குப் பிடித்தேன். காட்டிலிருப்பவர்கள் கைக்குப் போய்விடுமென்று அரிசி கொண்டுபோகத் தடை. ஆகவே தேங்காய் மூட்டைகள், பித்தளை அண்டா, பழத்தட்டுகள். கரையில் நிற்பவர்கள் கண்ணில் முதலில் படட்டுமென்று எல்லாவற்றையும் முன்பக்கமே அடுக்கினேன்.

"அண்ணே, மூக்கு கனக்குது லா," என்றார் படகோட்டி ராமையா.

"கனக்கட்டும். ஊரு பாக்கட்டும்."

ஐந்தேகால். இயந்திரம் அலறியது, கரையோர நீப்பாப் பனை மட்டைகள் நகரவேயில்லை. முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் எழும்பியதில், படகைத் தள்ளும் விசிறி பாதி நீரிலும் பாதி காற்றிலும் சுழன்றது. ஒவ்வொரு சுற்றும் தண்ணீரைக் கவ்விப் பின்னே தள்ளினால்தான் படகு முன்னேறும். காற்றைக் கவ்வினால் சுற்று கூடும், வேகம் கூடாது. பெரிய இயந்திரத்தால் பெரிய சத்தம்தான் மிச்சம்.

முத்துவின் படகு பட்டுத்துணியைக் கத்தரிப்பதுபோல் நீரைக் கிழித்துக்கொண்டு எங்களைக் கடந்தது.

"அண்ணே! அண்டாவப் பின்னால தள்ளுங்க! விசிறி காத்தத் தின்னுது!" என்று கத்தினான்.

"உன் வேலயப் பாருடா!"

"என்னா வீம்பு இது?" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி. "கேட்டு சாத்துனா வேலிக்கு வெளிய நின்னு சீர் வைப்பீங்களா?"

அவன் வளைவில் மறையும்வரை பொறுத்திருந்தேன். பிறகு நானே அண்டாவைப் பின்னுக்கு உருட்டினேன். மூட்டைகளும் போயின. பின்பக்கம் அமிழ்ந்தது, அலறல் உறுமலாய் இறங்கியது, படகு துள்ளி ஓடியது.

ஆறு மணி ஆகிவிட்டது. கேட்டருகே முத்து, அதை அடைக்கவிடாமல், ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு காவலாளியிடம் கதையளந்துகொண்டிருந்தான்.

"சார், மூத்தவரு வராம ஆகாது லா. இந்தா, வந்துட்டாரு!"

முதல் தட்டை நான்தான் வைத்தேன். குலவை எழுந்தது. தங்கையின் கண்களோ அவனைத்தான் நன்றியோடு பார்த்தன.

மறுநாள் காலை திரும்பினோம். சுமையில்லை, விசிறி முழுதும் நீருக்குள். நடு ஆற்றில் முத்துவின் படகை நெருங்கினோம். எங்களைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து, கரையோரமாய் ஒதுங்கிக் கையசைத்தான்.

முந்திவிட்டேன். அவன் மட்டும் ஒதுங்காமல் இருந்திருந்தால் அது எனக்கு இனித்திருக்கும்.